எங்கள் தீவு: எழுத்தும் சாட்சியமும்

பிறந்த மண்ணைப் பற்றி எழுதுவதைவிட எளிதான காரியம் வேறில்லை என்றே பலரும் எண்ணுவர். அந்நிய தேசத்தைப் பற்றி எழுதப் புகுபவர் நூல்களைப் புரட்ட வேண்டும். வழி கேட்க வேண்டும். மொழி தெரியாமல் இடர்ப்பட வேண்டும். சொந்த ஊரைப் பற்றி எழுதுபவருக்கு இவை எவையும் வேண்டா. கண்ணைத் திறந்தால் ஊர் முன்னே நிற்கிறது. ஆயினும், நம் தீவைப் பற்றி நம்மவர் ஆண்டுக்கணக்காக எழுதி வந்தவற்றை ஒருசேர வைத்து நோக்குமிடத்து, கண்ணைத் திறந்து எழுதப்பட்டவை அவற்றுள் மிகச் சிலவே என்ற முடிவுக்கு வர வேண்டியுள்ளது. கடுமையான தீர்ப்புத்தான். இதனை வழங்க உமக்கு என்ன தகுதி என்று வாசகர் வினவலாம். நியாயமான வினா. அதற்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

அண்மையில் ஒரு பங்கின் இளையோர் ஒன்றியத்தினர் "எங்கள் தீவு" என்னும் தலைப்பில் கட்டுரைப் போட்டியொன்றை நடத்தினர். மன்னார்த் தீவின் இயற்கையையும் பண்பாட்டையும் பற்றி எழுத வேண்டும். தீவில் வாழும் எச்சமயத்தவரும் பங்குபற்றலாம் என்பன விதிகள். நடுவராக இருக்குமாறு எம்மைக் கேட்டனர். தவக்காலத்தில் ஒரு வாரம் முழுவதும் மாலைச் செபத்தின் பின் அக்கட்டுரைகளை வாசித்தோம். ஐந்தாவதை முடித்தபொழுதே ஆறாவதில் என்ன இருக்கும் என்பது தெரிந்துவிட்டது. பிள்ளைகளை மட்டும் குறை கூறுதல் நீதியன்று என்றெண்ணி, எமது அலுமாரியில் இருந்த திருவிழா மலர்களையும், பாடசாலை ஆண்டு மலர்களையும், புலம்பெயர்ந்தோர் வெளியிட்ட ஊர் மலர்களையும் எடுத்துப் பார்த்தோம். பிள்ளைகள் இந்த நடையை எங்கிருந்து கற்றனர் என்பது அப்போது விளங்கிற்று.

இக்கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. இந்து சமுத்திரத்தின் முத்தாகிய இலங்கையின் வடமேற்கே, எழில் கொஞ்சும் மன்னார்த் தீவு அமைந்துள்ளது என்று தொடங்கும். இயற்கை அன்னை தன் வளங்களை அள்ளி வழங்கியிருப்பாள். அடுத்த பந்தியில் பள்ளிமுனைப் பெருக்கமரம் நிற்கும். அதற்கடுத்து 1560 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. பின்னர் ஆதாம் பாலம், கழுதைகள், மாரி காலத்தில் வந்திறங்கும் பூநாரைகள். பண்பாடு என்ற தலைப்பின் கீழ், நாட்டுக்கூத்து எமது பாரம்பரியக் கலை என்று ஒரு வசனம். வேதசாட்சிகளுக்கு ஒரு வசனம். இறுதியில், இவற்றைப் பேணிப் பாதுகாப்பது நம் அனைவரதும் கடமையாகும் என்ற அறிவுரை.

இவற்றுள் பொய் எதுவுமில்லை. பெருக்கமரம் உள்ளதுதான், கோட்டையும் உள்ளதுதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. காலையில் கொழும்பிலிருந்து வந்து, பாலத்தைக் கடந்து, மரத்தின் முன் படம் எடுத்து, மாலையில் திரும்பிச் செல்லும் ஒருவரும் இக்கட்டுரையை இதே சொற்களில் எழுதிவிடலாம். இங்கு பிறந்து, இங்கு உப்புக்காற்றைச் சுவாசித்து, இங்கு இறந்தோரை அடக்கஞ் செய்தவர் எழுதினார் என்பதற்கு ஒரு சான்றும் அதில் இல்லை. ஊரைப் பற்றிய எழுத்தை மதிப்பிட நாம் ஓர் உரைகல்லை வைத்துக்கொள்ளலாம். இங்கு வாழ்ந்தவருக்கு அன்றி மற்றெவருக்கும் தெரிந்திருக்க முடியாத செய்தி இக்கட்டுரையில் ஒன்றேனும் உண்டா? இல்லையெனின், அது நமது கட்டுரை ஆகாது; நம்மைப் பார்க்க வந்தவர் பார்வையை நாமே கடன் வாங்கியதாகும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். மலரில் வெளிவரும் கட்டுரை ஊரைப் போற்றுவதற்கே எழுதப்படுகிறது. போற்றுதல் தமிழ் மரபு. காப்பியங்களில் நாட்டுப்படலமும் நகரப்படலமும் அதற்காகவே அமைந்தன என்பர். மெய்தான். ஆனால் பழையோர் எவ்வாறு போற்றினர் என்பதையும் நோக்க வேண்டும். முக்கூடற் பள்ளினை எடுத்துக்கொள்வோம். ஆற்றின் வளத்தைப் பாட வந்த அப்புலவர், ஆறு வளமானது என்று சொல்லி அமையவில்லை. மீன்களைப் பெயர் பெயராக அழைக்கிறார். நெல்லின் வகைகளையும் மாடுகளின் வகைகளையும் வரிசைப்படுத்துகிறார். அவர் போற்றியதற்குப் பின்னால் ஓர் அறிவு இருந்தது. பள்ளரோடும் வயலோடும் பழகிப் பெற்ற அறிவு. நமது மலர்க் கட்டுரைகள் அம்மரபிலிருந்து போற்றுதலை எடுத்துக்கொண்டு பெயர்களை விட்டுவிட்டன. "மீன்வளம் நிறைந்தது" என்று எழுதும் கை, பாரை, சீலா, அறக்குளா, விளை, ஓரா, திரளி, சூடை, முரல் என்று எழுதத் தயங்குகிறது. பெரியவர் நாள்தோறும் உச்சரிக்கும் சொற்கள், அச்சேறும் தகுதியற்றவை என்று பிள்ளைகள் எங்கோ கற்றுக்கொண்டுள்ளனர்.

பெயர்கள் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காற்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எமக்கு வந்த கட்டுரைகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் காற்றாலை இடம்பெற்றிருந்தது. 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனிப் பண்ணையின் 30 காற்றாலைகள் தீவின் தென்கரையோரமாக நிற்கின்றன. அவற்றின் கொள்ளளவு 103.5 மெகாவாற். சில கட்டுரைகள் அவற்றை நவீன அழகு என்றன. சில, அழிவின் அடையாளம் என்றன. ஆனால் அச்சிறகுகளைச் சுழற்றும் காற்றின் பெயர் என்ன? சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்ற நான்கில் ஒன்றையேனும் குறிப்பிட்ட கட்டுரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதனை எழுதியவள் கரையோரக் கிராமமொன்றின் மாணவி. எழுத்துப் பிழைகள் மலிந்த கட்டுரை. தலைப்பின் கீழ் வரைபடம் இல்லை, முத்து இல்லை, இயற்கை அன்னை இல்லை. தன் அப்பப்பா ஆண்டில் இருமுறை வாடியைப் பிரித்துக் கட்டிய கதையை அவள் எழுதியிருந்தாள். வைகாசியளவில் சோழகம் எழுந்தால் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வள்ளங்களையும் வலைகளையும் வடகரைக்குக் கொண்டு செல்வர். மாரியில் வாடை பெயர்ந்தால் வடகடல் கலங்கும். மீண்டும் தென்கரைக்கு வருவர். தீவு ஒடுங்கியதாயிருப்பதால் இது இயலுகிறது என்று ஒரு வசனத்தில் காரணமும் கூறியிருந்தாள். அவ்வசனத்தை வாசித்தபோது நாம் எழுந்து நின்றுவிட்டோம். மன்னார் ஏன் மன்னாராயிருக்கிறது என்பதை, ஒரு புறம் மன்னார்க் குடாவும் மறுபுறம் பாக்கு நீரிணையுமாக இரு கடலுக்கு நடுவே கிடக்கும் இம்மணல் திட்டில் மனிதர் எவ்வாறு வாழக் கற்றனர் என்பதை, நாம் பார்த்த மலர்களுள் எதுவும் இவ்வளவு தெளிவாகக் கூறியதில்லை. அவளுடைய அப்பப்பாவுக்குத் தீவு என்பது பார்த்து மகிழும் காட்சி அன்று. காற்று ஒரு பக்கத்தை மூடும்போது மறுபக்கத்தைத் திறந்து வைக்கும் வீடு அது.

இலக்கியத்தில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. செங்கை ஆழியான் 1973 இல் எழுதிய "வாடைக்காற்று" நாவல் நெடுந்தீவைக் களமாகக் கொண்டது. 1978 இல் திரைப்படமாகவும் வந்தது. அந்நாவலின் கலைத் தரம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். எம் நோக்கில் அதன் சிறப்பு ஒன்றே. அங்கு வாடை பின்னணித் திரையாக வீசவில்லை. வாடைக் காலத்தில் தொழில் தேடி அயலூர் மீனவர் தீவின் கரைக்கு வருகின்றனர். வந்ததனால் உறவும் பகையும் விளைகின்றன. காற்றே கதைக்குக் காரணமாகிறது. ஆசிரியர் புவியியல் பயின்றவர் என்பது இதற்குத் துணை செய்திருக்கலாம். ஆனால் புவியியல் தெரிந்தோர் பலர் இருக்கக் காற்றைக் கதையாக்கியவர் சிலரே. மண்ணின் இயல்பும் மனிதரின் நடத்தையும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்டுபிடிப்பதே தீவைப் பற்றி எழுதுவோரின் முதற்பணி. இயற்கை ஒரு பந்தி, பண்பாடு மறு பந்தி என்று பிரித்து எழுதும் வழக்கம் அந்த இடத்தைத் தொடவே விடுவதில்லை.

அயலார் எழுதியவற்றின் மீது பழிபோட்டு நாம் தப்பிக்கொள்ளவும் முடியாது. ஆங்கிலேய அதிகாரியான போக் என்பவர் 1888 இல் மன்னார் பற்றித் தனிநூலொன்று வெளியிட்டார். ஆள வந்தவரின் நூல் அது. ஆட்சிக்கு வேண்டிய கண்ணோடு எழுதப்பட்டது. அக்கண்ணில் நம் முன்னோர் வரி செலுத்துவோராகவும் கூலிகளாகவும் தெரிந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் விசாரித்து எழுதினார். அவர் பார்வையை மறுக்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. அவரளவுக்காவது விசாரித்த பின்னரே அவ்வுரிமை பயன்தரும். நூறாண்டு கடந்து நாம் எழுதும் கட்டுரையில் அந்த விசாரணை இல்லையெனில், அந்நியர் பார்வையைப் பழிப்பது வெறும் ஆவேசமாகவே முடியும்.

பண்பாட்டுப் பந்திக்கு வருவோம். நாட்டுக்கூத்து எமது கலை என்று ஒரு வசனத்தில் முடிக்கிறோமே, அந்த ஒரு வசனத்துக்குள் எவ்வளவு புதைந்து கிடக்கின்றது! மன்னாரின் கத்தோலிக்கக் கூத்துகளும் வாசாப்புகளும் ஏடுகளிலும் அண்ணாவிமாரின் நினைவுகளிலுமே நெடுங்காலம் வாழ்ந்தன. பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தார், 1964 இல் என்றீக் எம்பரதோர் நாடகத்தையும் 1966 இல் மூவிராசாக்கள் வாசகப்பாவையும் பதிப்பித்து வெளியிட்டார். அவர் வெறும் பெருமை பேசவில்லை. பாடபேதம் பார்த்தார், பாடுவோரைத் தேடினார். ஐரோப்பிய அரசன் ஒருவனின் கதையைத் தமிழ் மீனவன் ஏன் இரவிரவாக ஆடினான்? அவ்வரசனின் நாட்டைக் காணாத அவனுக்கு அக்கதையில் என்ன சொந்தம் இருந்தது? நமது கட்டுரைகள் இவ்வினாக்களை எழுப்புவதேயில்லை. பேசாலையின் உடக்குப் பாஸ் பற்றியும் இவ்வாறே. உருவங்களைக் கொண்டு ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் அந்நிகழ்வை "பிரசித்தி பெற்றது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யார் அவ்வுருவங்களை அசைப்பவர், அந்தப் பணி குடும்பத்தில் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது, சிலுவையிலிருந்து திருவுடலை இறக்கும்போது பெண்கள் என்ன பாடி அழுகின்றனர் என்பனவெல்லாம் எழுதப்படாமலே போகின்றன. கோவாவிலிருந்து வந்து தமிழ் கற்று, 1742 இல் இந்நாட்டிலேயே மரித்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இன்றும் நம் மூதாட்டிகள் இராகத்தோடு வாசிக்கக் கேட்கிறோம். அந்நிய நாட்டவர் ஒருவரின் தமிழ் மூன்று நூற்றாண்டுகளாக நம் துயரத்துக்கு மொழியாயிருக்கிறது. இதனைவிடப் பெரிய பண்பாட்டுச் செய்தி வேறென்ன வேண்டும்? பிள்ளைகளின் கட்டுரைகளில் அது ஒரு வரியாகவும் வரவில்லை.

இனி, எம்மை மிகவும் கலங்கச் செய்த கட்டுரைக்கு வருகிறோம். அதனை எழுதியவள் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் மாணவி. தான் பிறந்தது புத்தளத்தில் என்று தொடங்குகிறாள். தீவைக் காணும் முன்னரே தீவு தனக்குத் தெரியும் என்கிறாள். அவளுடைய உம்மம்மா முற்றத்து மணலில் விரலால் கோடு கிழித்துக் காட்டுவாராம்: இது பள்ளிவாசல், இது கிணறு, இது கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை, இது நாங்கள் இருந்த வளவு. காலையில் கூட்டிய மணலில் மாலையில் மீண்டும் அதே ஊர் வரையப்படும். கிணற்றடியில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதும், எந்த வேலியில் பொட்டு இருந்தது என்பதும் பிள்ளைக்குத் தெரியும். பின்னர் குடும்பம் திரும்பி வந்தது. பற்றை மூடிக் கிடந்த வளவில் கிணற்றைத் தேடினார்கள். உம்மம்மா சொன்ன இடத்திலேயே அது இருந்தது. ஆனால் அதனைக் காண உம்மம்மா இல்லை. அவர் புத்தளத்து மண்ணிலேயே அடக்கமாகிவிட்டார். கட்டுரை அங்கு முடிகிறது. எவர் மீதும் ஒரு குற்றச்சாட்டு இல்லை.

நாம் முன்னர் கூறிய உரைகல்லில் இக்கட்டுரையை உரைத்துப் பார்த்தோம். அங்கு வாழ்ந்தவர் அன்றி எவரும் அறிய முடியாத செய்திகளே அது முழுவதும். தீவில் இருந்தவாறே தீவைக் காணாத கட்டுரைகளின் நடுவே, தீவை இழந்த ஒரு மூதாட்டி மணலில் கீறிக் காத்த ஊர் இவ்வளவு துல்லியமாக நின்றது. உடைமையாயிருக்கும்வரை கண் சோம்பிக் கிடக்கிறது. இழந்த பின்னரே நினைவு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறது. இழக்கும் முன்னரே எண்ணிப் பார்க்க மனிதனால் இயலாதா என்ற வினா எம்மை வாட்டியது.

அந்தப் பெண்பிள்ளை சொல்லாமல் விட்ட வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு நமக்குண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 க்கும் மேற்பட்டோர் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கல்பிட்டிக்குச் சென்றனர். பலர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புத்தளம் பகுதியில் அகதிகளாக வாழ்ந்தனர். 2009 இல் போர் முடிந்த பின்னரே திரும்பி வரத் தொடங்கினர். திரும்பாதோரும் உளர். அதே 1990 இல் நம்மவர் பலரும் படகேறி இராமேசுவரம் சென்று அகதிகளாயினர் என்பதும் உண்மை. துன்பம் ஒரு சாராருக்கே உரியதாயிருக்கவில்லை. ஆயினும், நம் துன்பத்தை நாம் மலர்களில் எழுதினோம். அயல்வீட்டாரின் துன்பத்தை எழுதவில்லை.

"நாம்" என்று எழுதும்போது அச்சொல்லுக்குள் பலர் ஒளிந்துகொள்வது எளிது. ஆதலின் எமது தகுதி பற்றிய வினாவுக்கு இங்கு விடை கூறுகிறோம். எமது அலுமாரியில் இருந்த மலர்களுள் 1998 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில், "எங்கள் தீவு" என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை இருந்தது. எழில் கொஞ்சும் தீவு, இயற்கை அன்னை, பெருக்கமரம், கோட்டை, வேதசாட்சிகள் எல்லாம் அதில் முறையாக இருந்தன. தீவின் கிராமங்கள் வரிசையாகக் கூறப்பட்டிருந்தன. எருக்கலம்பிட்டியின் பெயர் அவ்வரிசையில் இல்லை. எட்டு ஆண்டுகளாக அவ்வூரின் மக்கள் அங்கு இல்லை என்ற செய்தியும் இல்லை. அக்கட்டுரையை எழுதியவர் அப்போது புதிதாகக் குருப்பட்டம் பெற்ற இளங்குரு. அவர் வேறு யாருமல்லர். இவ்வரிகளை எழுதும் நாமே.

அதற்கு அக்காலத்து அச்சத்தைக் காரணமாகக் கூறலாம். பேசினால் என்ன நேரும் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. ஆனால் எம் மனச்சான்றை நேர்மையாக ஆராய்ந்தால், அச்சம் பாதிக் காரணம்கூட அன்று. எழுதும்போது அவர்கள் நினைவுக்கே வரவில்லை. அச்சு நமக்காக எழுதிக்கொண்டிருந்தது. அந்த அச்சில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. அஞ்சி மறைத்தவனுக்குத் தான் மறைப்பது தெரியும். பழக்கத்தால் விட்டுவிட்டவனுக்கு அதுவும் தெரிவதில்லை. அலங்கார நடையின் உண்மையான கேடு இதுவே எனக் கருதுகிறோம். அது ஊரை அழகாகக் காட்டுகிறது. யார் இல்லை என்பதைக் காணவிடாமல் கண்ணை மறைக்கிறது.

அந்த மலரின் அட்டையில் பள்ளிமுனைப் பெருக்கமரம் அச்சிடப்பட்டிருந்தது. 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவும் எட்டு மீற்றருக்குக் குறைந்த உயரமுமாக, நிற்பதைவிட அமர்ந்திருப்பது போலத் தோன்றும் மரம். ஆபிரிக்காவுக்கு உரிய இம்மரத்தை அராபிய வணிகர் இங்கு கொணர்ந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எமது கட்டுரையும் அதனைக் கூறிற்று. இசுலாமியர் கொண்டு வந்ததாக நாமே எழுதிய மரத்தை நம் தீவின் அடையாளமாக அட்டையில் ஏற்றினோம். அவ்வட்டைக்குள் இசுலாமிய அயலவருக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இம்முரண்பாடு எம் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஒரு பாடசாலைப் பிள்ளையின் கட்டுரை வந்து அதனைக் காட்ட வேண்டியிருந்தது.

நமது தீவு சாட்சிகளின் மண் என்று பெருமை கொள்கிறோம். 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் இங்கு அறுநூறு பேரளவில் கிறிஸ்தவர் கொல்லப்பட்டனர். தோட்டவெளியில் அவர்கள் நினைவாக ஆலயம் எழுந்துள்ளது. வேதசாட்சி என்ற சொல்லை நாம் இரத்தம் சிந்தியோர் என்ற பொருளிலேயே பயன்படுத்திப் பழகிவிட்டோம். அச்சொல்லின் வேர்ப்பொருள் கண்டதைச் சொல்பவர் என்பதே. சாட்சிக்கு இரு கடமைகள் உண்டு என்பது நீதிமன்றம் சென்ற எவருக்கும் தெரியும்: காணாததைக் கூறலாகாது, கண்டதை மறைத்தலுமாகாது. எமது கட்டுரை முதற்கடமையில் தவறவில்லை. இரண்டாவதில் தவறிற்று. ஊர்க் கட்டுரைகளை மதிப்பிட நாம் முன்னர் கூறிய உரைகல்லோடு இரண்டாவது ஒன்றையும் சேர்க்க வேண்டியுள்ளது. இக்கட்டுரையிலிருந்து யார் விடுபட்டுள்ளனர்?

தொடக்கநூலில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிடும் காட்சியை விளக்கும்போது, மனிதன் படைப்பின் மீது பெற்ற ஆட்சியின் அடையாளம் என்றே குருமடத்தில் எமக்குக் கற்பித்தனர். வயது ஏற ஏற அக்காட்சி எமக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. பெயரிடும் முன் ஆதாம் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். எதனையும் விட்டுவிடாமல் பார்த்திருக்க வேண்டும். கவனிப்பே அங்கு முதல் வழிபாடாகிறது.

இவையெல்லாம் எழுத்தாளர் சங்கத்தில் பேச வேண்டிய நுட்பங்கள்; மக்களுக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். 2025 இல் நம் மக்கள் வீதியில் நின்றனர். மேலும் காற்றாலைகளை அமைப்பதையும், கரையோர மணலில் இல்மனைற் அகழ்வதையும் எதிர்த்து நின்றனர். அதன் நன்மை தீமை பற்றி இங்கு விவாதிக்கவில்லை. ஆனால் அவ்வாறான வேளைகளில் நம்மிடம் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: இம்மணலில் அப்படி என்னதான் இருக்கிறது? திட்டம் தீட்டுவோரிடம் அளவுகள் உள்ளன. காற்றின் வேகம், மணலின் நிறை, மின்னின் அலகு எல்லாம் எழுத்தில் உள்ளன. நம்மிடம் இருப்பது எழில் கொஞ்சும் தீவு என்ற சொற்றொடர் மட்டுமாயின், அது எந்த விசாரணையிலும் செல்லாது. எந்தக் காற்றில் எந்தக் கரையில் வாடி அமைப்போம், எந்த மாதத்தில் எந்தத் தரவையில் பறவை இறங்கும், மாரி வெள்ளம் எந்த வழியாகக் கடலுக்கு ஓடும், எந்தக் கிணறு கோடையிலும் உவர்க்காது என்று எழுதி வைத்த சமூகமே தன் மண்ணுக்காகச் சாட்சி கூற முடியும். அச்சாட்சியத்தில் கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என அனைவரின் கிணறுகளும் இருக்க வேண்டும். ஒரு சாராரின் கிணறுகளை மட்டும் குறித்த வரைபடத்தை வைத்துத் தீவு முழுவதற்கும் உரிமை கோர இயலாது.

போட்டியின் முடிவைச் சொல்லிக் கட்டுரையை நிறைவு செய்வோம். வாடியைப் பற்றி எழுதிய மாணவிக்கும் கிணற்றைப் பற்றி எழுதிய மாணவிக்கும் முதற்பரிசைப் பகிர்ந்தளிக்கப் பரிந்துரைத்தோம். எழுத்துப் பிழை மலிந்த கட்டுரைக்குப் பரிசா என்று சிலர் முணுமுணுத்தனர். பிழைகளை ஆசிரியர் ஒரு மணிநேரத்தில் திருத்திவிடலாம்; சோழகம் எழுந்ததும் அப்பப்பா வாடியைப் பிரித்த நாளை எந்த ஆசிரியரும் எழுதிச் சேர்க்க முடியாது என்று விடை கூறினோம். ஏனைய கட்டுரைகளின் ஓரத்தில் மதிப்பெண் எதுவும் இடவில்லை. பெருக்கமரம் வரும் பந்தியின் அருகே, பூநாரை வரும் பந்தியின் அருகே, கூத்து வரும் வசனத்தின் அருகே, ஒரே வினாவைப் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தோம்: இதனை நீ எங்கே நின்று பார்த்தாய்? உன்னோடு வேறு யார் நின்றார்கள்?

1998 ஆம் ஆண்டு மலரையும் எடுத்தோம். கிராமங்களை வரிசைப்படுத்திய பந்தியின் ஓரத்தில் அதே வினாவை எழுதினோம். இவ்வாண்டுத் திருவிழா மலருக்கு எம்மிடம் மீண்டும் கட்டுரை கேட்டுள்ளனர். ஒப்புக்கொண்டுள்ளோம். எழுதத் தொடங்கும் முன் எருக்கலம்பிட்டிக்குச் சென்று, அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் அக்கிணற்றைக் காட்டுமாறு கேட்பதாக இருக்கிறோம்.